அத்ரிலாவின் மூடாத வாசல்

ரோமாபுரி இன்னும் சக்கரவர்த்தி என்று ஒருவர் இல்லாமலே காலம் தள்ளிக்கொண்டிருந்த நாட்களில், சிசிலித் தீவின் கிழக்குப் பகுதியில், கோதுமை வயல்களுக்கு மேலே ஒரு குன்றில் உட்கார்ந்திருந்த அத்ரிலா என்ற சிற்றூரில், முனாதியுஸ் என்பவரின் அடிமையான மானெஸ் ஒருநாள் காலை, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போனான். சுற்றிலும் மதில் கட்டிய அந்த ஊருக்கு ஒரே வாசல். அந்த வாசல்வரை நன்றாகத்தான் ஓடினான். இடது காலை வாசற்கல்லில் ஊன்றி, வலது காலை வெளியே எடுத்து வைக்கப்போன நேரத்தில், வாசலுக்குப் பக்கத்து மாடியில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்றுகொண்டிருந்த அப்ரோனியா அம்மாள், வாயில் பழம் இருந்தபடியே ஒரு பிரார்த்தனையைச் சொன்னாள். மானெஸ் அப்படியே நின்றுவிட்டான்.

அப்ரோனியா சிறுமியாக இருந்தபோதே ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே அணையா நெருப்பைக் காக்கும் கன்னிப் பூசாரிகளில் ஒருத்தியாக முப்பது வருடம் விறகு போட்டு, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவள். ஓடிப்போகிற அடிமை நகர எல்லையைத் தாண்டாதவரை, அவனை நின்ற இடத்திலேயே நிறுத்திவைக்கும் பிரார்த்தனை அந்தப் பூசாரிகளுக்குத் தெரியும் என்று ரோமர்கள் எல்லோரும் நம்பினார்கள். ரோமாபுரியில் அவள் அதைப் பதினோரு முறை சொல்லியிருக்கிறாள். பதினோரு அடிமைகளும் தப்பிப் போனார்கள். பன்னிரண்டாவது முறை பலித்ததில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"வாயில ஏதாச்சும் இருந்தாத்தான் பலிக்கும்போல" என்று சொல்லிவிட்டு அடுத்த பழத்தை எடுத்தாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு வந்துசேர்ந்த முனாதியுஸ், அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, மானெஸின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவன் வரவில்லை. நான்கு பேர் இழுத்தார்கள், எட்டுப் பேர் இழுத்தார்கள், இடுப்பில் கயிறு கட்டி இரண்டு ஜோடி எருதுகளைப் பூட்டி இழுத்தார்கள். எருதுகள் முட்டி போட்டன, கயிறு அறுந்தது, மானெஸ் இருந்தபடி இருந்தான். அவனால் பேச முடிந்தது, தின்ன முடிந்தது, தும்ம முடிந்தது. முன்னால் நீட்டிய வலது கையும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்ற வலது பாதமும் மட்டும் அடுத்த அடியை எடுத்து வைக்கக் காத்துக்கொண்டிருந்தன.

முனாதியுஸ் வீட்டு அடுப்படியில் வேலை செய்த பர்சினா, சிரியா தேசத்துக்காரி, மானெஸுடன் ஆறு வருடமாக வாழ்ந்துவந்தாள். கல்யாணம் என்று சொல்ல முடியாது. அடிமைகளுக்குக் கல்யாணம் கிடையாது. கூட இருப்பது என்று சட்டத்தில் ஒரு சொல் உண்டு, அதைச் சொல்லும்போது சட்டமே கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்தான் அவன் ஓடியிருந்தான். வேறு ஆளின் வேலையைக் கெடுக்க விரும்பாத முனாதியுஸ், அவனுக்குச் சோறு ஊட்டும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார். ஊட்டுவதற்கு அவள் வாசலுக்கு வெளியே போய் அவன் முகத்துக்கு எதிரே நிற்க வேண்டியிருந்தது. அப்ரோனியாவின் சன்னலோரம் எப்போதும் ஒரு தட்டு அத்திப்பழம் தயாராக இருந்ததால், அவளும் ஓடிவிடுவாளோ என்று யாரும் கவலைப்படவில்லை.

"வாயைத் திற."

"பர்சினா, நான் என்ன சொல்றேன்னா..."

"பேசினா சிந்தும். திற."

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் பருப்புக்கூழ் பாதி தீர்ந்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சொன்னா உனக்குத் தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்ன?"

"தெரிஞ்சா உன்னைக் கேப்பாங்க. நம்மகிட்ட எப்படிக் கேப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். அடிமை தானாகச் சொல்லும் வார்த்தைக்கு ரோமர்களின் நீதிமன்றத்தில் மதிப்பில்லை. அடித்து வாங்கிய வார்த்தைக்குத்தான் மதிப்பு.

"தெரியாதவளை அடிச்சா ஒண்ணும் வராது, விட்டுருவாங்கன்னு நினைச்சேன்" என்றான் மானெஸ்.

"அடிச்சாங்க" என்றாள் பர்சினா. "தெரியாதுன்னேன். நம்பிட்டாங்க. அடிச்சதுக்கு அப்புறம் சொன்னதுதானே."

அவள் மிச்சக் கூழையும் ஊட்டிவிட்டு, முதல் தடவையாக அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

ஊருக்கு அவன் பழகிப்போனான். வண்டிகள் உள்ளே வர முடியாததால், மூட்டைகளை வெளியே இறக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். அதற்கென்று சுமைகாரர்கள் கூட்டம் ஒன்று உருவாகி, தங்களுக்குள் ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டது. வெயிலுக்கு அவன் தலைக்கு மேல் ஒரு பந்தல் போடப்பட்டது, அவனுக்காக அல்ல, பக்கத்தில் வெங்காயம் விற்றவளுக்காக. எட்டு நாளைக்கு ஒருமுறை கூடும் சந்தையன்று நாவிதன் அவனுக்கு முகம் மழித்துவிட்டு, அதைப் பார்த்து வரும் மற்றவர்களிடம் கூலி வாங்கிக்கொண்டான். காணாமல்போன பொருட்களைப் பற்றிய அறிவிப்புகளை அவன் நீட்டிய கையில் மாட்டினார்கள். அவனுடைய இரண்டு பக்கத்திலும் ஓர் ஆள் போகும் அளவுக்கே இடம் இருந்ததால், அந்த வழியாகப் போகிறவர்கள் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, அவன் மூச்சு தங்கள் மேல் படும் தூரத்தில், அவன் முகத்தைப் பார்த்தபடி நகர வேண்டியிருந்தது. இருபது வருடம் அடிமைகள் வைத்திருந்தும் ஒரு அடிமையின் கண் என்ன நிறம் என்று தெரியாமலே இருந்த பெரிய மனிதர்கள், முதல் வாரம் கூச்சப்பட்டு, இரண்டாம் வாரம் "கொஞ்சம் மன்னிக்கணும்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

எட்டாம் நாள்தான் அந்தச் செய்தி வந்தது. மேற்கே இரண்டு குன்றுகள் தள்ளி இருந்த ஊரில் அடிமைகள் எழுந்து, எஜமானர்களைத் துரத்திவிட்டு, தங்களில் ஒருவனுக்கு முடி சூட்டிவிட்டார்கள் என்றும், சங்கிலி அறுந்தவர்கள் அரிவாளும் அடுப்புக் கம்பியுமாக ஒவ்வொரு ஊராகப் போகிறார்கள் என்றும் சொன்னார்கள். அத்ரிலாவின் நகரத் தலைவர் உடனே வாசலை மூட உத்தரவிட்டார். வாசற்காவல் அடிமையான துரோமோ, தன் நான்கு ஆட்களுடன் கதவுகளைத் தள்ளிப் பார்த்து, திரும்பி வந்தான்.

"மூட முடியலைங்க ஐயா. நடுவுல மானெஸ் நிக்கிறான்."

மன்றம் கூடியது. கட்டிய பிரார்த்தனையை அவிழ்க்க முடியுமா என்று அப்ரோனியாவைக் கேட்டார்கள். "கட்டறதுக்குத்தான் கத்துக்கொடுத்தாங்க" என்றாள் அவள். "அவிழ்க்கிறது யாருக்கும் தேவைப்பட்டதில்லை." காலை அறுத்துவிடலாம் என்றார் முனாதியுஸ். அறுத்தால் பாதம் வாசற்கல்லிலேயே நிற்கும், கதவைத் தடுக்க ஒரு பாதம் போதும் என்று தச்சன் சொன்னான். கொன்றுவிடலாம் என்றார் ஒருவர். கொன்றால் பிணமும் அங்கேயேதான் நிற்கும். ஊருக்குள் பிணத்தை எரிக்கவும் கூடாது, புதைக்கவும் கூடாது என்பது மிகப் பழைய சட்டம். இவனோ முதுகு ஊருக்குள்ளும் மூக்கு ஊருக்கு வெளியிலுமாக நிற்கிறவன். அவன் செத்தால் எந்தப் பாதிக்கு எந்தச் சட்டம் என்பதில் அன்று சாயங்காலம்வரை வாதம் நடந்து, அவனுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற தீர்மானத்துடன் முடிந்தது.

பர்சினா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதைவிட முக்கியமான ஒன்றை அவள் பார்த்துக்கொண்டும் இருந்தாள். முனாதியுஸ் தினமும் காலையில் வெளியே வயல்களைப் பார்வையிடப் போவார். அவர் வாசலைத் தாண்டியதும் மானெஸின் தூக்கிய பாதம் ஒரு விரற்கடை கீழே இறங்கும். அவர் திரும்பி வந்ததும் ஒரு விரற்கடை மேலே ஏறும். பன்னிரண்டாம் நாள் ஊரில் ஒரு பெரிய மனிதர் இறந்து, சவ ஊர்வலத்தில் அறுபது பேர் வெளியே போனபோது, பாதம் நான்கு விரற்கடை இறங்கியது. அவர்கள் அழுது முடித்து உள்ளே வந்ததும் பழையபடி ஏறியது.

"உனக்குத் தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது. எதனாலன்னுதான் தெரியலை."

"அந்தப் பிரார்த்தனை யாரைப் பிடிக்கும்? எஜமானை விட்டு ஓடுறவனை. எஜமான் முதுகுப் பக்கம் இருந்தா நீ அவரை விட்டு ஓடுற. அவர் வெளிய போயிட்டா உன் முகத்துக்கு எதிர்ல இருக்காரு. அப்ப நீ அவரைப் பார்த்து ஓடுற. எஜமானைப் பார்த்து ஓடுறவன் எப்படி ஓடிப்போனவன் ஆவான்?"

"அப்ப ஊர்ல இருக்கிற எல்லா எஜமானும் வெளிய போனா?"

"கால் தரையில படும்."

"பட்டா வெளிய படும், பர்சினா. அவங்க நடுவுல. பதினஞ்சு நாளா சாய்ஞ்சு நிக்கிற உடம்பு, அந்த ஒரு அடி வெளியதான் விழும்."

"அதை நான் பாத்துக்கறேன்" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்ளப்போகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினாறாம் நாள் மேற்குக் குன்றில் புகை தெரிந்தது. மன்றம் மறுபடி கூடி, வேறு வழியில்லாமல், மானெஸை விடுதலை செய்துவிடுவது என்று முடிவெடுத்தது: பிரார்த்தனை பிடித்துவைப்பது அடிமையைத்தான், அடிமையே இல்லாதவனை அது எப்படிப் பிடிக்கும்? முனாதியுஸ் இரண்டு மணி நேரம் மறுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு அடுப்படிக்கு வந்து பர்சினாவிடம் சொன்னார்:

"அவனை விடறேன். உன்னை விடலை. நீ இங்க இருக்கிறவரைக்கும் அவன் எங்க போயிடுவான்? ரெண்டு நாள்ல வந்து வாசல்ல நிப்பான், கூலி இல்லாம வேலை செய்யறேம்பான். நீயே பாரு."

"சரிங்க ஐயா" என்றாள் பர்சினா. அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் விடுதலைச் சடங்கில் ஒரு சிக்கல் இருந்தது. எஜமான் அடிமையின் கையைப் பிடித்துக்கொண்டு, நகரத் தலைவர் முன்னிலையில், இவன் விடுதலையாக வேண்டும் என்று விரும்புகிறேன் என்று சொல்லி, அவனை ஒரு சுற்றுச் சுற்றித் திருப்பிக் கையை விட வேண்டும். சுற்றாமல் விட்டால் செல்லாது. மானெஸைச் சுற்ற எந்த எருதாலும் முடியாது. மன்றம் திரும்பவும் தலையைப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் பர்சினா, முனாதியுஸ் தோட்டத்து அத்திப்பழம் ஒரு கூடை எடுத்துக்கொண்டு அப்ரோனியாவின் மாடிக்குப் போனாள்.

"அம்மா, தெரியாமத்தான் கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அவனால சுத்த முடியலைன்னா, நீங்க எல்லாரும் அவனைச் சுத்தினா ஆகாதா?"

அப்ரோனியாவின் கை பழத்தோடு பாதி வழியில் நின்றது. "நிக்கிறவனைச் சுத்தறது... ஆகாதுன்னு எங்கயும் இல்லையே."

"முனாதியுஸ் ஐயா மட்டும் சுத்தினாப் போதுமாம்மா?"

"ஏன் போதாது?"

"இல்ல, நீங்க அந்தப் பிரார்த்தனையை ஊருக்காகத்தானே சொன்னீங்க. அவருக்காக மட்டும் சொல்லலையே. எனக்கென்ன தெரியும், நான் அடுப்படியில இருக்கிறவ."

"ஊரே சுத்தணும்" என்றாள் அப்ரோனியா, அது தனக்கே தோன்றியதுபோல. "விட்டுப்போகாம எல்லாரும். அவன் வலது பக்கமா எல்லாரும் வெளிய போயிடணும், அப்புறம்தான் முதல் ஆள் இடது பக்கமா உள்ள வரணும். பாதி உள்ள பாதி வெளியன்னா அது சுத்தா? அது வரிசை."

சடங்கு விஷயத்தில் அப்ரோனியா சொன்னால் மறுத்துப் பேச ஆள் இல்லை. பத்தொன்பதாம் நாள் காலை, சுதந்திர மனிதர்கள் அனைவரும், மனைவி மக்களோடு, பண்டிகை உடையில் வாசலில் கூடினார்கள். சடங்கில் அடிமைகளுக்கு இடம் இல்லை என்பதால், முன்னூறு அடிமைகளும் உள்ளேயே நின்றார்கள். அவர்களில் யாரிடமும் பர்சினா எதுவும் சொல்லவில்லை. தெரியாதவர்களை அடித்துக் கேட்டாலும் ஒன்றும் வராது என்று அவள் கற்றுக்கொண்டிருந்தாள். முதல்நாள் துரோமோவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்: "நாளைக்கு உனக்கு என்ன உத்தரவு கொடுக்கிறாங்களோ, அதை அச்சுப் பிசகாம செய்."

"நான் என்னைக்கு செய்யாம இருந்தேன்?" என்று அவன் வருத்தப்பட்டான்.

நகரத் தலைவர் வெளியே போவதற்கு முன் துரோமோவைக் கூப்பிட்டு, புகை தெரிந்த மேற்குக் குன்றைக் காட்டி, "அவன் அசைஞ்சானா, அந்த நொடியே கதவை மூடிடணும். யாரையும் கேக்காதே. நானே கூப்பிட்டு நிறுத்தினாலும் நிறுத்தாதே. புரியுதா?" என்றார். துரோமோ அதை ஒரு முறை திருப்பிச் சொல்லிக் காட்டினான்.

ஊர்வலம் தொடங்கியது. நகரத் தலைவர் முதலில், மன்றத்தார் அடுத்து, தச்சன், நாவிதன், கைக்குழந்தைகள், கடைசியில் ஊன்றுகோலோடு அப்ரோனியா. முனாதியுஸ் வெளியே மானெஸுக்கு எதிரே நின்று, அவன் நீட்டிய கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பர்சினா உள்ளே, மானெஸின் முதுகுக்குப் பின்னால் நின்று, அவன் கால்களுக்கு நடுவே பாதத்தைப் பார்த்தாள். ஐந்து விரற்கடை. ஏழு. ஒன்பது. பாதம் இறங்குவதை வெளியே இருந்தவர்களும் பார்த்து, சடங்கு வேலை செய்கிறது என்று கைதட்டினார்கள். அப்ரோனியா வாசற்கல்லைத் தாண்டிய அந்தக் கணத்தில், அத்ரிலாவுக்குள் ஒரு எஜமானும் இல்லாமல் போக, தன்னுடைய எல்லா எஜமானர்களையும் நோக்கி ஓடிக்கொண்டிருக்கும் ஓர் அடிமையை எதற்காகப் பிடித்துவைத்திருக்கிறோம் என்று தெரியாமல் பிரார்த்தனை கையை எடுத்துக்கொண்டது. மானெஸின் வலது பாதம் தரையில் பட்டது, வெளியே.

"அசைஞ்சிட்டான்!" என்று கத்தினான் துரோமோ. கதவுகள் நகர்ந்தன.

பர்சினா அவன் இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். முனாதியுஸ் அவன் கையை முன்னால் இழுத்தார். பத்தொன்பது நாள் ஓடியும் ஓரடிகூடப் போகாத மானெஸ், எந்தப் பக்கமும் விழத் தெரியாமல் நடுவில் தள்ளாடினான்.

"என்னடி பண்றே? விடுடி அவனை!"

"நீங்க விடுங்க ஐயா. கதவு வருது."

"துரோமோ! நிறுத்து!"

"நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதேன்னு உத்தரவுங்க" என்றான் துரோமோ, தள்ளிக்கொண்டே.

"ஐயா, கை நசுங்கிடும்" என்றாள் பர்சினா. அதை அவள் மிரட்டலாகச் சொல்லவில்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொடப்போகிறவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு முழங்கையளவு இடம் இருந்தபோது, முனாதியுஸ் ஒரு கணம் மானெஸின் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார், விட்டுவிட்டார். கதவு மூடியது, தாழ் விழுந்தது.

எஜமான், நகரத் தலைவர் முன்னிலையில், ஊர்மக்கள் அனைவரும் பார்த்திருக்க, அடிமையின் கையைத் தானாக விட்டார். சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொல்லவில்லை, சுற்று பாதிதான் முடிந்திருந்தது. இது விடுதலை ஆகுமா ஆகாதா என்று சட்டம் படித்தவர்கள் விரும்பினால் விவாதிக்கலாம். அத்ரிலாவில் அன்று அதற்கு ஆள் இல்லை, சட்டம் படித்தவர்கள் எல்லோரும் வெளியே இருந்தார்கள்.

வெளியே கொஞ்ச நேரம் கதவைத் தட்டினார்கள். உத்தரவிட்டார்கள், கெஞ்சினார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சில பெயர்களைத் தப்பாகச் சொன்னார்கள். பிறகு யாரோ மேற்குக் குன்றுப் பாதையில் புழுதி எழுவதைக் காட்ட, குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கிழக்கே கடற்கரைக்கு இறங்கும் பாதையில் போகத் தொடங்கினார்கள். நல்ல பகல், இறக்கமான வழி, அரைநாள் நடை. சுமந்து செல்ல ஆள் இல்லாமல் அவர்களில் பலர் அவ்வளவு தூரம் நடந்தது அதுதான் முதல் தடவை. அப்ரோனியா மட்டும் கதவருகே நின்று, மடியில் முடிந்துவைத்திருந்த பழத்தில் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, பிரார்த்தனையைத் திரும்பவும் ஆரம்பித்தாள்.

உள்ளே அதைக் கேட்ட முன்னூறு பேரும் அசையாமல் நின்றார்கள். இப்போது எஜமானர்கள் வாசலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். ஊருக்குள் எந்தப் பக்கம் திரும்பி நடந்தாலும் அவர்களை விட்டு விலகித்தான் போக வேண்டும். மானெஸ் பர்சினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் முதல்ல வைக்கிறேன்" என்றாள் பர்சினா. ஊரைப் பார்த்துத் திரும்பி, ஓரடி வைத்தாள். கால் தரையை விட்டுக் கிளம்பியது, தரைக்குத் திரும்பி வந்தது. இன்னோர் அடி வைத்தாள்.

"வா. மெதுவா. அது ஓடுறவனைத்தான் பிடிக்கும், ஓடிடாதே."

"பத்தொன்பது நாள் நின்னவன்கிட்ட ஓடாதேங்கிறே" என்றான் மானெஸ். ஆனாலும் மெதுவாகத்தான் வைத்தான்.

அவர்களுக்குப் பின்னால் துரோமோவும், சமையல்காரர்களும், சுமைகாரர்களும், காலில் விலங்குத் தழும்பு உள்ளவர்களும் இல்லாதவர்களும், விருந்து முடித்து உலாவப் போகிற பிரபுக்கள்போல ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து ஊருக்குள் நடந்தார்கள். அந்த மெதுவான நடை பழகிப்போனது; இரண்டு வருடம் கழித்து ரோமாபுரியின் படை வந்து குன்றைச் சூழும்வரை அத்ரிலாவில் குழந்தைகள்கூட ஓடியதில்லை என்கிறார்கள். அன்று காலை அப்ரோனியாவின் பிரார்த்தனை, மூடிய கதவின் இடுக்கு வழியாக உள்ளே வந்து, ஒவ்வொரு தெருவாக, ஓடிப்போகிற ஒருவரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போனது.

கிணற்றடியைத் தாண்டியதும் பர்சினா நின்றாள்.

"ஐயோ, அடுப்புல பருப்பு வச்சிட்டு வந்தேன். இந்நேரம் அடிப்பிடிச்சிருக்கும்."

"அப்ப கொஞ்சம் எட்டி நடக்கணுமா?"

அவள் முனாதியுஸின் வீட்டுப் பக்கம் பார்த்தாள். சமையலறைப் புகைபோக்கியிலிருந்து கருகல் வாசனை வரத் தொடங்கியிருந்தது.

"வேண்டாம்" என்றாள். "பிடிச்சா பிடிக்கட்டும்."